ஞாயிறு, பன்னிரண்டு முதல் ஒன்று வரை

ஏழு எலுமிச்சைகள். மெழுகு.
கோத்தன்பர்க்கில் இதுவரை
நாற்பத்தோரு சமையலறைகளில் இவை காய்த்திருக்கின்றன.
ஒன்றில் மட்டும் பல் தடம்:
ஆற்றுக்கு அந்தப் பக்கத்து வீட்டில்
ஒரு குழந்தை நம்பிவிட்டது.
தடம் உள்ள பக்கத்தைக் கீழே வைப்பேன்.

இன்றைக்கு மயோர்னா, மூன்றாம் மாடி.
ஹில்டிங் எக்வால் கதவைத் திறந்து
காலணியைக் கழற்றச் சொன்னார்.
பிறகு, "வேண்டாம், இருக்கட்டும்,
இனி உங்கள் வீடுதானே" என்றார்.

என் வேலை முதலில் எடுப்பது.
பல் மருத்துவர் தேதி எழுதிய அட்டை, அதைப் பிடித்த காந்தம்,
பதினொரு குடும்பப் படங்கள்,
கப்பல் தளம் ஓய்வுநாளில் கொடுத்த கடிகாரம்.
நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் அவலட்சணம்.
வாங்க வருகிறவர் சுவரில் தன் முகத்தைத் தேடுவார்,
ஏற்கெனவே முகங்கள் இருந்தால் இடம் போதாது.
இதை எல்லா வீட்டிலும் சொல்கிறேன்.
எல்லோரையும் போல அவரும் தலையாட்டினார்.

பிறகு வைப்பது.
சாம்பல் சோபாவில் கடுகு நிறத் திண்டு, மூன்று.
இரட்டைப்படை அழகுக்கு ஆகாது.
புத்தகங்களைத் திருப்பி அடுக்கினேன்,
முதுகெல்லாம் சுவரைப் பார்க்க,
திட்டு வாங்கிய பிள்ளைகள் மாதிரி.
சோபாவுக்கு மேலே அந்தப் படம்:
நீலம், நடுவில் ஒரு வெள்ளைக் கீறல்.
கடல் என்பார்கள், பனிப்பாதை என்பார்கள்,
ஒருத்தி தன் வயிற்றுத் தழும்பு என்றாள்.
எனக்கு அது மாதம் எண்ணூறு குரோனா வாடகை.

"இடது பக்கம் சாய்ந்திருக்கிறது" என்றார் ஹில்டிங்.
நீர்மட்டம் வைத்துக் காட்டினேன்.
படம் நேர்.
நூறு வருஷமாய்
மெல்ல மெல்லச் சாய்ந்திருப்பது கட்டடம்.
கொஞ்ச நேரம் யோசித்தார்.
"அப்படியென்றால் வீட்டோடு சேர்த்தே
சாய்த்து மாட்டுங்கள்."
மாட்டினேன்.
சரியாக இருந்தது.

ஒரு பொருள்தான் வரமாட்டேன் என்றது.
வாசல் பக்கம், முழங்கால் உயரத்தில்,
ஒரு பித்தளைக் கொக்கி.
திருகின் தலை தேய்ந்து வழவழப்பாகிவிட்டது.
"முஸ்கோட் தானே வாரை எடுத்துக்கொண்டு வரும்.
அதற்கு எட்டுகிற மாதிரி அடித்தேன்."
முஸ்கோட் என்றால் ஜாதிக்காய்; நிறம் அப்படியாம்.
எது வரைக்கும் வந்தது என்று
அவர் சொல்லவில்லை.
உயரமான ஜாடியில் யூகலிப்டஸ் கிளை வைத்து
கொக்கியை மறைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மழை.
இருபத்தாறு பேர், காலில் நீல பிளாஸ்டிக் உறை,
சரசர சரசரவென்று.
குழாயைத் திறந்து பார்த்தார்கள், ஜன்னலைத் தட்டினார்கள்.
படத்தைப் பார்த்து யாரும் ஒன்றும் சொல்லவில்லை,
அதன் எதிரில் வந்ததும் மட்டும்
குரல் தாழ்ந்தது.
ஒரு மணிக்கு வீடு காலி.
ஜாடி ஒரு முழம் நகர்ந்திருந்தது.
கொக்கியில் கயிறு கோத்த ஒரு ஜோடி சிவப்புக் கையுறை,
என் விரல் இரண்டு நுழைகிற அளவு.

புதன்கிழமை விலை படிந்தது.
பொருள்களைத் திரும்ப எடுக்கப் போனேன்.
கையுறை அங்கேயே தொங்கியது.
வாங்கியவர்களுடையதா,
வாங்க முடியாமல் போனவர்களுடையதா?
"எடுத்துவிடட்டுமா?"
"என்னைக் கேட்டால்?" என்றார் ஹில்டிங்.
படத்தைக் கழற்றிக் கொடுத்தது அவர்தான்.
ஆணித் துளையைப் பூசவும் விடவில்லை.

மூன்றரைக்கே இருட்டு.
வண்டியில் விளக்கைப் போட்டு எண்ணினேன்.
திண்டு மூன்று. ஜாடி. நீலம்.
எலுமிச்சை ஆறு.
கடித்த பழம்தான் இல்லை.
மேலே மூன்றாம் மாடியில் வெளிச்சம் இருந்தது,
ஏறிப்போய்க் கேட்டிருக்கலாம்.

ஆறு, இரட்டைப்படை.
ஒன்றை எடுத்து
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.